முனியராஜின் பத்து நிமிடம்

நசிமாவோடு இரண்டு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எம்.சி.ஏ. படித்தவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவளோடு சேர்ந்து வேலை பார்ப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பரீட்சைத் தாளைத் திருத்தியவர் கூட்டலில் தவறி இரண்டு மதிப்பெண் அதிகமாகப் போட்டுவிட்டால், வகுப்பே பார்க்க எழுந்துபோய்க் குறைத்து வாங்கிக்கொண்டு வருவாள். பக்கத்தில் இருக்கிற எனக்கும் அப்படி இரண்டு கூடியிருக்கும். அதுவும் அவளால் போகும். இப்போது மதுரையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருக்கிறாள். அங்கே கூட வேலை பார்க்கிற பெண் ஒருத்தி போன வாரம் எனக்குப் போன் போட்டு, "உங்க ஃப்ரெண்டு எப்பவுமே இப்படித்தானா?" என்று கேட்டாள். அவளுக்குக் கமுதி விவகாரத்தைச் சொன்னேன். அதையே இங்கேயும் சொல்கிறேன்.

நசிமாவின் அத்தா ஜெகபர் அலி சிவகாசியில் காலண்டர் ஏஜெண்ட். ஆடிப்பெருக்கு அன்று பிரஸ்களில் பூஜை போட்டுப் புது வருட ஆல்பத்தை வெளியிடுவார்கள். மறுநாள் முதல் பஸ்ஸில் அவர் சீசன் தொடங்கிவிடும். முருகன், லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, மக்கா எல்லாரும் அவருடைய ஒரே ரெக்சின் பையில் அருப்புக்கோட்டை, திருச்சுழி, கமுதி என்று ஊர் ஊராகப் போவார்கள். கடைக்காரர் படத்தைத் தேர்ந்தெடுப்பார். அதன் கீழே கடையின் பெயரை அச்சடித்து மார்கழிக்குள் கொடுத்துவிட வேண்டும்.

அவர் ஆர்டர் பிடித்துக் கொடுத்த பாலகுரு பிரஸ்ஸில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஓர் ஊரில் ஒரு படம் ஒரு கடைக்குத்தான். எதிரெதிரே இருக்கிற இரண்டு கடைகளும் ஒரே முருகனைக் கொடுத்தால், இரண்டு கடைக்கும் போய்வருகிற வாடிக்கையாளர் வீட்டில் ஒரே படம் இரண்டு சுவரில் தொங்கும். அதைவிட அசிங்கம் கடைக்காரருக்கு வேறு இல்லை. அதனால் ஏஜெண்டுகள் கடையில் இருந்தபடியே பிரஸ்ஸுக்குப் போன் போடுவார்கள். அலுவலகத்தில் இருக்கும் அய்யம்மாள் அக்கா நோட்டைப் புரட்டி, அந்த ஊருக்கு அந்தப் படம் இன்னும் போகவில்லை என்றால், "எழுதிக்கிட்டேன்" என்பார். அவர் எழுதிவிட்டால் எழுதியதுதான்.

இதில் ஒரே சங்கடம், சீசனில் நாற்பது ஏஜெண்டும் அந்த ஒரே நம்பருக்கு அடிப்பார்கள். லைன் கிடைக்காது. அதற்குள் கடைக்காரர் மனசு மாறிவிடும். ஒரு நாள் பிரஸ் முதலாளி பாலகுரு சார் ஜெகபர் அலியிடம், "பாய், உங்க மக கம்ப்யூட்டர்தான படிக்கிறாக. இதுக்கு ஒரு வழி பண்ணித் தரச் சொல்லுங்களேன்" என்றார். மூன்றாவது செமஸ்டரில் எங்களுக்கு இணையவழி டேட்டாபேஸ் பயன்பாடு ஒன்றைத் தயாரித்துக் காட்ட வேண்டியிருந்தது. கொய்யாப்பழம் தானாக வந்து மடியில் விழுந்தது என்று நான் குதித்தேன். நசிமா குதிக்கவில்லை. பிரஸ்ஸுக்குப் போய், அய்யம்மாள் அக்காவின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவர் நோட்டில் எழுதுவதையும் அடிப்பதையும் இரண்டு நாள் பார்த்துவிட்டு வந்தாள்.

என்னைப் பற்றியும் ஒரு வரி. நான் பானுப்பிரியா. வீடு விஸ்வநத்தம். அம்மா பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறாள். அவளை ஏற்றிக்கொண்டு போகிற வேனிலேயே தொற்றிக்கொண்டு காலையில் பஸ் ஸ்டாண்டு வந்து இறங்குவேன். எங்கள் வேலையைப் பிரித்துக்கொண்டோம். பிரஸ்ஸில் இருக்கிற சர்வர், டேட்டாபேஸ் எல்லாம் நசிமா. ஏஜெண்டின் போனில் தெரிகிற திரை எல்லாம் நான்.

கிராமத்துப் பக்கம் டவர் கிடைக்காத இடங்கள் நிறைய. அதனால் ஆர்டர் முதலில் போனிலேயே பதிந்துகொள்ளும். டவர் கிடைத்ததும் சிவகாசிக்குப் போய்ச் சேரும். இதை ஜெகபர் அலியிடம் காட்டியபோது, திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"இது எதுக்கும்மா சுத்துது?" என்றார்.

"பிரஸ்ஸுல இருந்து பதிலு வர்ற வரைக்கும் சுத்தும் மாமா" என்றேன்.

"கடைக்காரரு கண்ணு முன்னால இது சுத்திக்கிட்டுக் கெடந்தா, 'சரி பாய், ரோசிச்சுச் சொல்றேன்'பாரு. அப்பறம் ரோசிக்கவே மாட்டாரு. ஒடனே டிக்கு விழணும்மா."

நான் வட்டத்தை எடுத்துவிட்டுப் பச்சை டிக் போட்டேன். பட்டனைத் தொட்ட அடுத்த நொடி, ‘பதிவானது’ என்று வரும். நசிமா மல்லுக்கு நின்றாள்.

"பிரஸ்ஸுக்குப் போயே சேரல. அதுக்குள்ள எப்பிடிடீ பதிவானதுங்கிறது?"

"ரெண்டு ஏஜெண்டு ஒரே ஊர்ல, ஒரே நேரத்துல, ஒரே படத்தையா கேக்கப் போறாக? அப்பிடிக் கேட்டா, யாரு போன்ல முதல்ல பதிஞ்சதோ அவுகளுக்கு. அம்புட்டுத்தான" என்றேன்.

அவள் அன்றைக்கு என்னமோ விட்டுக்கொடுத்தாள். அத்தா கேட்டது என்பதால் இருக்கலாம். போன் காட்டும் நேரப்படி முந்தியவருக்கே படம் என்று விதியை எழுதி, ஏஜெண்டுகள் எல்லாருக்கும் சொல்லியும்விட்டோம்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அதே செமஸ்டரில் எங்களுக்கு டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் என்று ஒரு பாடம் இருந்தது. பல இடங்களில் இருக்கிற பல கணினிகள் சேர்ந்து ஒரே வேலையைச் செய்வதைப் பற்றியது. அதில் இரண்டாம் யூனிட்டே இதுதான்: எந்தக் கணினியின் கடிகாரத்தையும் நம்பாதே, ஒவ்வொன்றும் முன்னே பின்னே ஓடும், அதை வைத்து எது முந்தியது எது பிந்தியது என்று தீர்ப்புச் சொல்லாதே. இன்டர்னல் பரீட்சையில் பதிமூன்று மதிப்பெண் கேள்விக்கு இருவரும் பக்கம் பக்கமாகப் படம் போட்டு எழுதியிருந்தோம். எழுதி முடித்ததோடு சரி.

ஆவணி இரண்டாவது வாரம், ஒரு புதன்கிழமை. கமுதியில் கோட்டைச்சாமி ஜவுளிக்கடைக்கு ஜெகபர் அலி போனார். பத்தொன்பது வருட வாடிக்கை. கோட்டைச்சாமி அந்த வருட ஆல்பத்தில் 214-ஆம் எண், ராஜ அலங்கார முருகனைக் கேட்டார். இரண்டாயிரம் காலண்டர். பச்சை டிக் விழுந்தது. அதே காலை, நேர் எதிரே புதிதாக வந்திருந்த ஜவுளிக்கடையில் முனியராஜ் உட்கார்ந்திருந்தார். அவரும் பாலகுரு பிரஸ் ஏஜெண்டுதான், ஆனைக்குட்டத்துக்காரர். அந்தக் கடைக்காரரும் அதே முருகனைக் கேட்டார். முனியராஜ் போனிலும் பச்சை டிக் விழுந்தது. இரண்டு கடைக்கும் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. மத்தியானம் டவர் கிடைத்து இரண்டு ஆர்டரும் சிவகாசிக்கு வந்தபோது, எங்கள் விதிப்படி ஒன்று நின்றது, ஒன்று தள்ளுபடி ஆனது. தள்ளுபடி ஆனது முனியராஜுடையது.

சாயங்காலம் பிரஸ்ஸில் முனியராஜ் தன் போனை மேஜைமேல் வைத்தார். அப்போது நாங்களும் அங்கே இருந்தோம்.

"டிக்கு விழுந்துச்சா இல்லையா, நீங்களே பாருங்க. நான் அங்கன சத்தியம் பண்ணாத குறையாச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

பாலகுரு சார் திரையைப் பார்த்துப் படித்தார். "பாய் பதிஞ்சது பதினொன்னு நாப்பத்திரெண்டு. நீங்க பதிஞ்சது நாப்பத்தேளு. அஞ்சு நிமிசம் பிந்திட்டீக முனியராஜு. என்ன செய்யச் சொல்றீக?"

முனியராஜ் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "மக எழுதுன கம்ப்யூட்டரு. அத்தாவுக்குக் குடுக்காம எனக்கா குடுக்கப் போகுது?"

"தம்பி, அந்தப் பேச்சு வேணாம்" என்றார் ஜெகபர் அலி. அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை, அன்றும் உயர்த்தவில்லை. ஆனால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டீ குடிக்காமலே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். இனிமேல் இப்படி ஒரு தடவை நடந்தால் அய்யம்மாளின் நோட்டே போதும் என்று பாலகுரு சாரும் சொல்லிவிட்டார். முனியராஜ் வெளியே டீக்கடைக்குப் போனார்.

நசிமாவின் முகம் சுண்டிப்போயிருந்தது. முனியராஜ் சொன்ன அந்தச் சொல்லைப் பொய்யாக்கிக் காட்டாமல் போவதில்லை என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். எங்கள் டேட்டாபேஸில் ஒவ்வொரு ஆர்டருக்கும் இரண்டு நேரம் இருக்கும்: போனில் பதிந்த நேரம், சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம். முனியராஜின் ஆர்டர்களை முதலிலிருந்து இறக்கினாள். கொஞ்ச நேரத்தில், "பானு, இங்க வாடி" என்றாள்.

முந்தின வாரம் சாயல்குடியில் முனியராஜ் பிடித்த ஓர் ஆர்டர். பதிந்தது மூன்று மணி இருபது. சர்வருக்கு வந்து சேர்ந்தது மூன்று மணி பத்து. கடைக்காரர் கேட்பதற்குப் பத்து நிமிடம் முன்பே ஆர்டர் சிவகாசிக்கு வந்துவிட்டிருக்கிறது. அதற்குக் கீழே இன்னொன்று, அதுவும் அப்படித்தான். டவர் நன்றாக இருந்த ஊர்களில் எல்லாம் அவர் ஆர்டர் பிறப்பதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

நசிமா எழுந்து வெளியே போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். முனியராஜ் டீ கிளாஸோடு நின்றிருந்தார்.

"அண்ணே, இப்ப உங்க போன்ல மணி எம்புட்டு?"

அவர் இன்னும் கோபமாகத்தான் இருந்தார். ஆனாலும் பார்த்துச் சொன்னார். "ஆறு நாப்பது."

என் போனில் ஆறரை.

"பத்து நிமிசம் கூட்டி வச்சிருக்கேன் பிள்ள. கடைசி பஸ்ஸு ரெண்டு தரம் என் கண்ணு முன்னாலயே போயிருச்சு. ஆனைக்குட்டத்துக்கு அதுக்கப்பறம் நடந்தா போறது? எதுக்குக் கேக்குறீக?"

"சும்மாத்தாண்ணே" என்றாள்.

நாற்பத்தேழிலிருந்து பத்தைக் கழிக்க எம்.சி.ஏ. படித்திருக்கத் தேவையில்லை. முனியராஜ் உண்மையில் பதிந்தது பதினொன்று முப்பத்தேழு. முந்தியவர் அவர்தான். உள்ளே போய் ஜெகபர் அலியின் ஆர்டர்களைப் பார்த்தால், அவர் போன் சரியான நேரத்தைத்தான் காட்டியிருந்தது.

"விதி என்னன்னு எல்லாத்துக்கும் சொல்லித்தான குடுத்தோம்?" என்றேன். "போன் காட்டுற நேரம். அவரு போனு நாப்பத்தேளு காட்டுச்சு. தன் கடிகாரத்தத் தானே கெடுத்து வச்சுக்கிட்டா அது யாரு குத்தம்? இதுல நாம யாரையும் ஏமாத்தல."

"விதியே தப்புன்னு நீயும் நானும் பரீட்சையில எழுதியிருக்கோம்."

"அதுக்காக? அந்தக் கடை போனா உங்க அத்தாவுக்குக் கமுதியே போச்சு. கோட்டைச்சாமி ஒரு வார்த்த சொன்னா அந்தத் தெருவுல மிச்சம் இருக்கிற ஆறு கடையும் போகும். அவருக்கு இப்ப என்ன வயசு, புதுசா லைன் பிடிக்க?"

அவள் வீட்டைப் பார்த்து நடந்தாள். எனக்கு அவள்மேல் அப்படி ஒரு ஆத்திரம். நல்லவளாக இருப்பதற்கும் ஓர் அளவு வேண்டாமா என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே கூடப் போனேன்.

வீட்டில் அவள் அம்மா பீவி ஜான் எங்களுக்கு டீ வைத்துக்கொண்டிருந்தார். ஜெகபர் அலி அப்போதுதான் முகம் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தார். நசிமா சுற்றி வளைக்கவில்லை. இரண்டு நேரத்தையும் சொல்லி, பத்து நிமிடத்தையும் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"கம்ப்யூட்டரு எனக்குத்தான்னு சொல்லுதே?"

"நான் சொல்லிக் குடுத்ததத்தான் அது சொல்லுது அத்தா. நான் சொல்லிக் குடுத்தது தப்பு."

"பத்தொம்பது வருசமா அந்தக் கடைக்குப் போறேன். அவரு மக கல்யாணத்துக்கு எனக்குத்தான் மொதப் பத்திரிக. இப்பப் போயி, குடுத்த படத்தத் திருப்பிக் குடுங்கன்னு கேக்கச் சொல்ற."

நசிமாவுக்கு அழுகை வந்துவிட்டது. "தப்பு நான் பண்ணுனது. நானும் கூட வர்றேன் அத்தா."

"முதலாளிகிட்ட நீதான் சொல்லப் போறியா?"

"ஆமா."

"சொல்லிக்க" என்று எழுந்தார். பீவி ஜான் நீட்டிய டீயை வாங்காமல் தொழுகைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை பிரஸ்ஸில், பாலகுரு சாரையும் முனியராஜையும் அய்யம்மாள் அக்காவையும் வைத்துக்கொண்டு நசிமா சொன்னாள். தன் அத்தா பிந்தியவர் என்றும், விதி தப்பு என்றும், பச்சை டிக் தப்பு என்றும் வரிசையாகச் சொன்னாள். டிக் போட்டது நான்தான் என்று நானும் முணுமுணுத்தேன். அய்யம்மாள் அக்கா மட்டும், "எழுதுனதுக்கப்பறந்தான நான் எழுதிட்டேம்பேன். அதுக்கு முந்தி சொன்னா எப்பிடித் தாயி?" என்று கேட்டார். இரண்டு மாதம் நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டது அவ்வளவுதான்.

பாலகுரு சார் தாடையைத் தடவினார். "சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணிருவீகளா?" என்றார். பண்ணிவிடுவோம் என்றோம். முனியராஜ் மட்டும் வாசலுக்கு வந்து, பையோடு அங்கே காத்திருந்த ஜெகபர் அலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து வாய் தவறி ஒன்னு சொல்லிட்டேன் பாய். மனசுல வைக்காதீக."

"வைக்கல தம்பி" என்றார் அவர். எங்களோடு மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கமுதி பஸ்ஸிலும் அவர் முன் சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டார். நாங்கள் பின்னால். மடியில் லேப்டாப்பை வைத்து, பச்சை டிக்கை எடுத்துவிட்டு மஞ்சளில் ‘கேட்டிருக்கிறோம்’ என்று மாற்றினேன். பிரஸ்ஸில் இருந்து பதில் வந்த பிறகுதான் அது பச்சையாகும். யாருடைய ஆர்டர் முதலில் பிரஸ்ஸுக்கு வந்து சேருகிறதோ அவருக்கே படம். போனின் மணியை இனி யாரும் கேட்கப் போவதில்லை. திருச்சுழி தாண்டுவதற்குள் நசிமா சர்வர் பக்கத்தைச் சரிசெய்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே செய்தாள்.

கோட்டைச்சாமி கல்லாவில் இருந்தார். ஜெகபர் அலி நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னார். இடையில் நசிமா வாயைத் திறக்கப் போனாள். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். பழியை அவள்மேல் போடாமல், ‘எங்க பக்கம் தப்பு’ என்று மட்டும் சொன்னார்.

"அந்த முருகன எதிர்த்த கடைக்காரன் குடுப்பான், நான் பாத்துக்கிட்டு இருக்கணும். அப்பிடித்தான பாய்?" கோட்டைச்சாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் இந்த வருசம் ராஜ அலங்காரம்னு. கெளம்புங்க. நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்."

ஜெகபர் அலி கிளம்பவில்லை. கெஞ்சவும் இல்லை. "பாத்துக்கங்க அண்ணாச்சி. சொல்ல வேண்டியது என் கடம" என்று அப்படியே நின்றார். கடைப்பையன்கள் துணியை மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. நசிமா தன் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு அத்தாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

இரண்டு பேருக்குத் துணி கொடுத்து அனுப்பிவிட்டு, கோட்டைச்சாமி நாற்காலியைக் காலால் நகர்த்தினார். "உக்காருங்க. நின்னு என்ன ஆகப் போகுது." ஆல்பத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிப் புரட்டினார். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குறை சொன்னார். கடைசியில் ஒரு மீனாட்சி கல்யாணத்தில் நிறுத்தி, "இதாவது எனக்குக் கெடைக்குமா, இதுக்கும் எவனாவது வருவானா?" என்றார். நசிமா போனை எடுத்துக்கொண்டு டவருக்காக நடுத்தெரு வரை போய் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, "பதில் வந்துருச்சு. உங்களுக்குத்தான்" என்றாள்.

கோட்டைச்சாமி காலண்டரில் போட வேண்டிய கடை முகவரியை எழுதிக்கொடுத்தார். பேனாவை மூடியவர், மனசு கேட்காமல் திரும்பவும் ஆரம்பித்தார்.

"ஆனாலும் ஒன்னு கேக்கேன் பாய். அந்தப் பத்து நிமிசத்தப் பத்தி நீங்க மூச்சுவிடாம இருந்திருந்தா, எனக்குத் தெரியவா போகுது? அந்த முனியராஜுக்கே தெரியாதுங்கிறீக. அப்பறம் யாருக்குத் தெரியும்னு இம்புட்டுத் தூரம் வந்து என்கிட்ட வாங்கிக்கட்டிக்கிட்டீக?"

ஜெகபர் அலி ஆல்பத்தைப் பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார். முந்தின நாள் சாயங்காலத்துக்குப் பிறகு அப்போதுதான் நசிமாவின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"எம் மகளுக்குத் தெரியும்ல அண்ணாச்சி" என்றார்.